முனகாமல் இருப்பது பெருமையா?

"மகராசன்! ஒரு முனகல் இல்லை, ஒரு முக்கல் இல்லை. எல்லா வேதனையையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்!"

என் சிற்றப்பனார் இறந்த வீட்டிலே, கூடியிருந்தோர் ஒருவர்பின் ஒருவராய்க் கூறிய புகழுரை இது. அன்பினால்தான் கூறினார்கள், அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அச்சொல் காதில் விழுந்த ஒவ்வொரு முறையும் என் நெஞ்சில் ஈட்டி பாய்ந்தது. ஏனெனில், அவரைக் கொன்றது எதுவோ அதையே அவர்கள் போற்றிக் கொண்டிருந்தார்கள்.

நாற்பது ஆண்டுகள் பால்மரக் காட்டிலும் பின்னர்ச் செம்பனைத் தோட்டத்திலும் உழைத்து ஓய்ந்தவர் அவர். உடல்வலிக்கென்று கடையில் விற்ற மாத்திரைகளைப் பல்லாண்டு காலம் வெறும் வயிற்றில் விழுங்கி வந்தார். இரைப்பை புண்ணாகி, ஒருநாள் ஓட்டை விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றோம். வயிற்றைத் திறந்து ஓட்டையை அடைத்துத் தைத்தார்கள். ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. அதன்பிறகு மூன்று நாள் அவர் மரக்கட்டை போலக் கிடந்தார். தாதி வந்து "சாகிட்?" என்று கேட்கும் போதெல்லாம் "சிகிட், சிகிட்" என்று விரலால் அளவு காட்டிச் சிரித்தார். "நல்ல நோயாளி" என்று எல்லோரும் மெச்சினார்கள். உறவினர் நாங்கள் என்ன செய்தோம்? "பொறுத்துக்கொள்ளுங்கள், சித்தப்பா. சும்மா சும்மா மருந்து கேட்டால் உடம்புக்கு ஆகாது" என்று உபதேசம் செய்தோம். அவ்வுபதேசம் செய்தவர்களில் நானும் ஒருவன். நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. நுரையீரலில் சீதசன்னி என்றார்கள். ஒன்பதாம் நாள் மூச்சு நின்றது. வயிற்றுத் தையல் அழகாக ஆறிக்கொண்டிருந்தது, ஆள்தான் இல்லை.

அன்பர்களே! இதை ஒரு வீட்டுத் துக்கமாகக் கருதி நான் எழுத வரவில்லை. நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும், அறுவைக்குப் பின்னோ விபத்துக்குப் பின்னோ படுக்கையில் கிடக்கும் தமிழர் எத்தனையோ பேர் இதே "பெருமை"யைக் காத்துக்கொண்டு கிடக்கிறார்கள். அவர்களைச் சூழ்ந்து நின்று, நாமும் அதே உபதேசத்தைச் செய்துகொண்டிருக்கிறோம். வலியைச் சொல்லாமல் அடக்குவது அறமும் அன்று, வீரமும் அன்று. அது நோயாளி தன் மருத்துவத்திற்குத் தானே செய்யும் துரோகம். அந்தத் துரோகத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் நாம். இதுவே நான் சொல்ல வந்தது.

வலி எவ்விதம் கொல்லும் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். வயிறோ மார்போ அறுக்கப்பட்டவர் ஆழ மூச்சிழுத்தால் காயம் சுள்ளென்று வலிக்கும். ஆதலின் அவர் தம்மை அறியாமலே மேலாகச் சிறுசிறு மூச்சு விடுவார். நுரையீரலின் அடிப்பாகத்து நுண்ணிய காற்றறைகள் காற்றின்றிச் சுருங்கிப்போகும். இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என அஞ்சி இருமலை அடக்குவார். வெளிவர வேண்டிய சளி உள்ளே தேங்கும். தேங்கிய சளியில் கிருமி பெருகும். பிறகு காய்ச்சல், பிறகு மூச்சுத்திணறல். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து விலா எலும்பு முறிந்தவருக்கும் இதே கதிதான். வயது முதிர்ந்தவருக்கு இரண்டு மூன்று விலா முறிந்தாலே போதும். எலும்பு முறிவு ஆளை விட்டுவிட்டாலும், அதன் வலியால் அடங்கிய மூச்சு விடுவதில்லை.

இனிக் கால்களைப் பாருங்கள். வலிக்கு அஞ்சி அசையாமல் கிடப்பவரின் காலிலுள்ள ஆழ்ந்த இரத்தக் குழாய்களில் ஓட்டம் தளர்கிறது. ஓட்டம் தளர்ந்த இரத்தம் எளிதில் உறையும். ஜெர்மானிய மருத்துவ அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ 1850-களிலேயே, இவ்வாறு காலில் உறைந்த கட்டி பெயர்ந்து சென்று நுரையீரலின் குழாயை அடைக்கும் என்று காட்டினார். "நேற்றுவரை நன்றாயிருந்தார்; இன்று எழுந்து இரண்டடி வைத்தார், சாய்ந்துவிட்டார்" என்று நாம் கேள்விப்படும் திடீர் மரணங்களுள் சில இவ்வகையின.

இன்னும் ஒன்று. கடும் வலியிலிருக்கும் உடல் போர்க்களத்தில் நிற்கும் உடலைப் போன்றது. நெஞ்சு வேகமாய் அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரையும் ஏறுகிறது. மலேசியாவில் பிற இனத்தாரைக் காட்டிலும் இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பது எல்லோரும் அறிந்த செய்தி. நீரிழிவுள்ளவருக்குச் சர்க்கரை கட்டுக்கடங்காது ஏறினால் புண் ஆறாது, சீழ் வைக்கும். ஆக, வலியைப் பொறுத்த "பொறுமை" கடைசியில் புண்ணையே கெடுக்கிறது. அதோடு, தொடக்கத்தில் தணிக்கப்படாத கடும் வலி, புண் ஆறிய பின்னும் மாதக்கணக்கில் நீடிக்கும் வலியாக மாறும் அபாயமும் உண்டு. "ஆபரேஷன் செய்த நாளிலிருந்து இந்த இடம் வலிக்கிறது" என்று வேலைக்குப் போக முடியாமல் முடங்கிக் கிடப்போரை நீங்கள் கண்டதில்லையா?

இவ்வளவும் தெரிந்த பின்னும் நம்மவர் ஏன் வாய் திறப்பதில்லை? அவர்கள் வாயை அடைத்து நிற்கும் பூட்டுக்கள் நான்கு. ஒவ்வொன்றாக உடைப்போம்.

முதற் பூட்டு, விதி. "நம் தலையில் எழுதியது, அனுபவித்தே தீர்க்க வேண்டும்" என்கிறார்கள். அப்படியாயின் ஆஸ்பத்திரிக்கு ஏன் வந்தீர்கள்? குடலில் ஓட்டை விழுந்ததும் விதிதானே? அதைத் தைத்துக்கொள்ள ஒப்பிய நீங்கள், தைத்த இடத்து வலியை மட்டும் விதியின் பங்காக ஒதுக்கிவைப்பது என்ன நியாயம்? இந்த மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலே, வில்லியம் மார்ட்டன் என்னும் பல் வைத்தியர் ஈதர் ஆவியை முகரச் செய்து ஒருவரை மயக்கினார். ஜான் வாரன் என்னும் அறுவை மருத்துவர் அவருடைய கழுத்துக் கட்டியைக் கதறலின்றி அறுத்தெடுத்தார். அதற்கு மறு ஆண்டிலேயே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபாரத்தைப் பிள்ளைப்பேற்று வேதனைக்குப் பயன்படுத்தினார். "பெண் வலியோடு பெறவேண்டும் என்பது தெய்வக் கட்டளை, அதைத் தணிப்பது பாவம்" என்று சொன்னவர்கள் அந்த நாட்டிலும் இருந்தார்கள். சிம்சன் அவர்களுடைய வேதத்தைக் கொண்டே அவர்களுக்கு மறுப்பு எழுதினார். 1853-இல் விக்டோரியா அரசியார் தம் எட்டாவது பிள்ளையைப் பெறும்போது, ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் கொடுத்த குளோரோபாரத்தை முகர்ந்தார். அரசிக்கு நீங்கிய "விதி" குடிமக்களுக்கும் நீங்கியது.

படித்தவர்களும் இவ்விஷயத்தில் நெடுங்காலம் தவறினார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்று கருதி, சிறு குழந்தைகளைப் போதிய வலிநீக்கி இல்லாமலே அறுத்த காலம் 1980-கள் வரை நீடித்தது. 1987-இல் கன்வல்ஜீத் ஆனந்த் என்னும் இந்திய மருத்துவரும் அவர்தம் தோழர்களும் ஆக்ஸ்போர்டில் ஆராய்ந்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது தக்க வலிநீக்கி கொடுத்தால், உடலின் கொந்தளிப்பும் பின்வரும் கேடுகளும் குறைகின்றன என்று நிறுவினார்கள். தன் வலியைச் சொல்லத் தெரியாத சிசுவுக்காகப் பேச ஓர் ஆராய்ச்சி வேண்டியிருந்தது. சொல்லத் தெரிந்த நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நமக்காக யார் ஆராய்ந்து பேசுவார்கள்?

இரண்டாவது பூட்டு, பெருமை. "தமிழன் விழுப்புண்ணைப் போற்றியவன், வள்ளுவர் பொறையுடைமை பாடவில்லையா?" என்று மீசையை முறுக்குவோர் உண்டு. விழுப்புண்ணைப் போற்றிய காலத்தில் அதை ஆற்றும் வழியும் குறைவு, வலியைத் தணிக்கும் வழியும் குறைவு. இல்லாத காலத்துத் துணிவை, இருக்கும் காலத்துச் சட்டமாக்கலாமா? வள்ளுவர் பொறையுடைமையில் சொன்னது பிறர் செய்த பிழையைப் பொறுப்பது. தையல் போட்ட வயிற்றைப் பொறுப்பதன்று. தமக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதைத் தவம் என்னும் அதிகாரத்தில் கூறுகிறாரே எனின், அது துறவிக்குச் சொன்னது. காலையில் வெட்டுக் கத்தியும் பால் வாளியும் சுமந்து செல்லும் குடும்பஸ்தனுக்குச் சொன்னதன்று. அவனைப் போன்றவர்க்கென்று அவர் தனியே "மருந்து" என்னும் அதிகாரத்தை வகுத்திருக்கிறார். அதன் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து கொடுப்பவர். கவனியுங்கள், முதற்கூறு நோயாளி! அவர் ஊமையாய்க் கிடந்தால் மருத்துவம் மூன்று கால் கட்டில்தான். உடனிருப்பவரும் "பேசாதே, பொறு" என்று அடக்கினால் கால் இரண்டாகிறது. அக்கட்டிலில் யாரைப் படுக்க வைப்பது?

மூன்றாவது பூட்டு, அச்சம். "மார்பீன் என்பது அபினி, ஒருமுறை ஏறினால் விடாது" என்ற அச்சம். இதில் ஒரு பாதி உண்மை. ஆகவே நேர்மையாகப் பேசுவோம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானிய மருந்தாளர் அபினியிலிருந்து மார்பீனைப் பிரித்தெடுத்தார். அது பழக்கத்தை உண்டாக்கக் கூடிய பொருள் என்பது மெய். 1990-களில் அமெரிக்காவில், அதனோடொத்த மாத்திரைகளுக்கு அபாயம் குறைவு என்று வியாபாரிகள் பறைசாற்றினார்கள். சிறு வலிக்கும் மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்ததால் எண்ணற்றோர் அடிமையானதும் மாண்டதும் உலகறிந்த செய்தி. ஆனால் அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் என்ன? அளவறிந்து, நாள் வரையறுத்து, கண்காணித்துக் கொடுக்க வேண்டும் என்பதே. வயிற்றைக் கிழித்துத் தைத்தவனுக்கு முதல் இரண்டு மூன்று நாள் கொடுக்காமலிருக்க வேண்டும் என்பதன்று. போதைப் பொருள்களைக் கட்டுப்படுத்தவே எழுந்த 1961-ஆம் ஆண்டு உலக ஒப்பந்தம், தன் முகவுரையிலேயே, வலியைத் தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என்று ஒப்புக்கொள்கிறது. ஆயினும் நடந்தது என்ன? லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த குழு 2017-இல் கணக்கிட்டபடி, உலகில் ஆண்டுதோறும் பங்கிடப்படும் இவ்வகை மருந்து, மார்பீன் கணக்கில், 298.5 டன். மிக ஏழை நாடுகள் அனைத்துக்குமாகப் போய்ச் சேர்ந்தது 0.1 டன். ஒரு பக்கம் மிகுதியால் மரணம். மறுபக்கம் இல்லாமையால் கதறல். இரண்டும் குற்றமே.

மருந்துக்கு அஞ்சும் நம்மவர் வேறொன்றுக்கு அஞ்சுவதில்லை என்பதுதான் வேடிக்கை. உடல் அலுப்புத் தீர முன்னாளில் கள்ளுக்கடைக்கு நடந்தோம். பின்னாளில் சம்சுப் புட்டியைத் தேடினோம். டாக்டர் அளந்து கொடுக்கும் துளிக்கு நடுங்குகிறவன், அளவில்லாமல் தானே ஊற்றிக்கொள்கிறான்! இதில் ஒரு பெரிய ஆபத்து மறைந்திருக்கிறது. நாள்தோறும் குடித்தவர் ஆஸ்பத்திரியில் படுத்ததும் குடி திடீரென நிற்கிறது. இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, பிதற்றல், சிலருக்கு வலிப்பும் வரும். குடிக்காத முதியவருக்கும் அறுவைக்குப் பின் சித்தம் கலங்குவதுண்டு. வலி, தூக்கமின்மை, கிருமி, சில மருந்துகள், நீர்க்குறைவு ஆகியவை அதற்குக் காரணங்கள். நம்மவர் என்ன செய்கிறார்கள்? "ஆஸ்பத்திரியில் காத்துக் கருப்பு அடித்துவிட்டது" என்று கயிறு கட்டத் தேடுகிறார்கள். கயிறு கட்டும் நேரத்தில் டாக்டரைக் கூப்பிட்டால் உயிர் தப்பும். குடிப்பழக்கத்தை முன்கூட்டியே ஒளிக்காமல் சொன்னால், அது வராமலே தடுக்க மருந்துண்டு. வெட்கத்திற்காக உயிரை விடாதீர்கள்.

நான்காவது பூட்டு, வீட்டு வழக்கம். அறுவை செய்தவருக்குப் பத்தியம் என்று சொல்லி மீனையும் முட்டையையும் பருப்பையும் நிறுத்துகிறோம். புண் ஆறப் புதுத் தசை வளரவேண்டும். தசை வளரப் புரதச் சத்து வேண்டும். செங்கல்லைக் கொடுக்காமல் கொத்தனை வீடு கட்டச் சொல்லுவது போன்றது இது. வயிற்றை அறுத்துப் பிள்ளை எடுத்த தாய்க்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு வீங்கும் என்று நாவை வறளவிடுகிறோம். அவளோ பால் கொடுக்க வேண்டியவள். வலிமருந்தால் மலம் இறுகி ஏற்கெனவே தவிப்பவள். நீரைக் குறைத்தால் முக்கி முக்கித் தையலையே நோகடிப்பாள். எழுந்து நடந்தால் "உள்புண்" விட்டுப்போகும் என்று நாட்கணக்கில் படுக்கவைக்கிறோம். டாக்டர் நடக்கலாம் என்றபின் படுத்தே கிடப்பது ஓய்வன்று. இரத்தம் உறைவதற்கு விடும் அழைப்பு. டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990-களில் காட்டிய வழி என்ன? ஒரே மருந்தை மிகுதியாகக் கொடாமல், பலவகை வலிநீக்கிகளைச் சிறிது சிறிதாய் இணைத்துக் கொடு, விரைவில் உண்ணவிடு, விரைவில் நடக்கவிடு. இன்று பல நாடுகளும் பின்பற்றும் வழி அது. வலியைத் தணிப்பதன் நோக்கமே எழுந்து நடப்பதும் ஆழ மூச்சுவிடுவதும்தான், சும்மா உறங்குவதன்று.

காயத்தின்மேல் காப்பித்தூள், மஞ்சள், சாம்பல், பற்பசை பூசுவதும் இவ்வரிசையிலேயே சேரும். தீப்புண்ணென்றால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். மற்றக் காயமென்றால் சுத்தமான நீரில் கழுவித் துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதற்கு மேல் அடுக்களை வைத்தியம் வேண்டாம்.

"வலியை மருந்தால் மறைத்துவிட்டால் உள்ளே நடப்பது தெரியாமற் போகுமே?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. வலி ஒரு தூதன். தூதனைக் கொல்லச் சொல்லவில்லை நான். அவன் சொல்வதைக் கேட்கச் சொல்லுகிறேன். கேட்பதற்கு முதலில் அவன் வாய் திறக்க வேண்டும் அன்றோ? இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. செம்பனைக் குலை விழுந்து முன்கையோ முழங்காலுக்குக் கீழ் எலும்போ முறிந்தவர், ஆஸ்பத்திரியை விட்டுக் கட்டு வைத்தியரிடம் போகிறார். அவர் மூங்கிற் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுகிறார். உள்ளே தசை வீங்குகிறது. வெளியே கட்டு விடவில்லை. நடுவில் இரத்த ஓட்டம் நின்றுபோகிறது. விரலைச் சற்று நீட்டினாலே உயிர் போகிற வலி, பிறகு மரத்துப்போதல். "முறிந்தால் வலிக்கத்தான் செய்யும், பொறு" என்கிறார்கள். ஏறத்தாழ ஆறு மணி நேரம் கடந்தால் தசை மீளாமல் சாகத் தொடங்குகிறது. கை கோணி, விரல்கள் கொக்கிபோல் வளைந்து, ஆயுள் முழுதும் பயனற்றுப் போகும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881-இலேயே இக்கேட்டின் காரணம் இரத்தத் தடை என்றும், இறுக்கிய கட்டு அதற்கு வழி என்றும் எழுதிவைத்தார். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டிலும் இது நேரலாம். மருந்து கொடுத்தும் அடங்காமல், முறிவின் அளவை மீறி, நேரத்துக்கு நேரம் ஏறும் வலி, "கட்டை அவிழ்" என்று கதறும் தூதன். அவனைப் பொறுமையால் அடக்கியவன் கையை இழந்தான்.

இதுவரை நம்மவரைக் கடிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் உள்ளவர்களுக்கும் ஒரு சொல். உடற்சூடு, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் என்னும் நான்கு உயிர்க்குறிகளோடு வலியையும் ஐந்தாவது குறியாக அளந்து எழுத வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு தன் மருத்துவமனைகளில் ஏற்பாடு செய்தது. வலியே இல்லையெனில் சுழியம். கற்பனைக்கு எட்டிய மிகக் கொடிய வலி பத்து. போற்றத்தக்க ஏற்பாடு. ஆனால் எண்ணைக் கேட்டுத் தாளில் எழுதிவிட்டுத் திரும்பிப் போவதற்கல்ல அது. எண்ணைக் கேட்டால் வழி செய்ய வேண்டும். "இந்தப் பெண்கள் சும்மா கத்துவார்கள்", "குடிகாரன், மருந்துக்கு நடிக்கிறான்" என்று முகத்தைத் திருப்புவோர் எங்கேனும் இருப்பாராயின், அவர் அளப்பது வலியை அன்று, தம் வெறுப்பை. மலாயும் ஆங்கிலமும் வராத மூதாட்டி "சிகிட்" என்று சொன்னால், தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு இன்னொரு முறை கேட்பது பெரிய வேலையா? படுத்திருக்கும்போது எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். இருமும்போது எவ்வளவு, எழுந்து உட்காரும்போது எவ்வளவு என்று கேளுங்கள். என் சிற்றப்பனாரிடம் அக்கேள்வியை யாரும் கேட்கவில்லை. உடனிருந்த நானும் கேட்கவில்லை.

சரி, இனி என்ன செய்வது? வெறும் கண்டனம் பசிக்குச் சோறாகாது.

அறுவைக்கு முன்னரே டாக்டரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் கேளுங்கள்: "பின்னால் வரும் வலிக்கு என்ன ஏற்பாடு?" சிறுநீரகக் கோளாறு, இரைப்பைப் புண், நீரிழிவு, ஆஸ்துமா, குடி, புகை, தின்னும் நாட்டு மருந்து ஆகிய எதையும் ஒளிக்காதீர்கள். கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளுள் சில, சிறுநீரகத்தையும் இரைப்பையையும் கெடுக்கும். பாராசிட்டமால் எளிய மருந்தே. ஆயினும் வளர்ந்தவருக்கு ஒருநாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் ஆகாது. அதிகமானால் ஈரலை அழிக்கும். சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

அறுவைக்குப் பின் எண்ணைச் சொல்லுங்கள். "கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள். "ஏழு" என்று சொல்லுங்கள். வலி உச்சிக்கு ஏறியபின் கேட்பதைவிட, ஏறத் தொடங்கும்போதே கேட்பது நன்று. எழுந்து நடக்குமுன் மருந்து வேலைசெய்ய அவகாசம் கொடுங்கள். தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து முறையாவது ஆழ மூச்சிழுங்கள். படுத்திருந்தாலும் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். டாக்டர் தடுக்காவிடில் மறுநாளே எழுந்து உட்காருங்கள்.

உடனிருப்பவர்களே! உங்கள் கடமை உபதேசமன்று, காவல். பலத்த வலிமருந்து பெற்றவர் எழுப்பியும் எழாமல் உறங்கினால், மூச்சு மிக மெதுவானால், அந்தக் கணமே கூப்பிடுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு. காய்ச்சல், சீழ், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி நோதல், திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி, ஓயாத வாந்தி, சிறுநீர் இறங்காமை, தணிந்திருந்த வலி திடீரென ஏறுதல், இவற்றில் எதைக் கண்டாலும் "நாளைக்குப் பார்ப்போம்" என்னாதீர்கள். வீட்டிற்கு வந்தபின் மிஞ்சிய பலத்த மாத்திரைகளை அடுத்த வீட்டுக்காரர் இடுப்புவலிக்குத் தானம் செய்யாதீர்கள். மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

தோழர்களே! தேனீர் கேட்க வெட்கப்படாதவன், கூலி குறைந்தால் கேட்க வெட்கப்படாதவன், தன் உடம்பு எரிகிறது என்று சொல்ல மட்டும் ஏன் வெட்கப்படுகிறான்? கூலி குறைந்த காலத்திலும் "பொறு" என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் நாம் இன்றும் லயத்தில்தான் கிடந்திருப்போம். வாய் திறந்து கேட்டதனாலேயே மனிதரானோம். படுக்கையில் கிடக்கும்போது அந்த வாயை மூடிக்கொள்வானேன்?

இனி நம் இல்லங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால், அவர் காதில் "பொறுத்துக்கொள்" என்ற சொல் விழ வேண்டாம். "எவ்வளவு வலிக்கிறது, சொல்லுங்கள், நான் போய்ச் சொல்லுகிறேன்" என்ற சொல் விழட்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே மூச்சில் சொல்லக்கூடிய சொற்கள்தாம். நான் முன்னதைச் சொன்னேன், சித்தப்பாவை இழந்தேன். நீங்கள் பின்னதைச் சொல்லுங்கள். "முனகாமல் செத்தார்" என்ற புகழுரை நம் சமூகத்தை விட்டு ஒழியட்டும். "வாய் திறந்து கேட்டார், பிழைத்து வீடு வந்தார்" என்பதே இனி நாம் ஒருவரை ஒருவர் புகழும் சொல்லாகட்டும்.